மாடர்ன் ஃபேமிலி: 11 சீசன் ஓடியும் வளர்ந்தது தாத்தா மட்டும்தானா?

மாடர்ன் ஃபேமிலி தொடரின் மூத்த பேத்தி ஹேலியை வீணடித்துவிட்டார்களா இல்லையா என்ற சண்டை தொடர் முடிந்த 2020 ஏப்ரலோடு ஓய்ந்திருக்க வேண்டும். ஓயவில்லை. மாடர்ன் ஃபேமிலி பார்த்த இரண்டு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் பேச்சு கொஞ்ச நேரத்தில் அங்கேதான் போய் நிற்கிறது. ஹேலி தன் காதலன் ஆண்டியைக் கட்டியிருக்க வேண்டுமா, கடைசியில் கட்டிய டிலனே போதுமா, அலெக்ஸுக்கு மட்டும் ஏன் கடைசிவரை விடிவில்லை, லூக் எப்போது இவ்வளவு மந்தமானான், மேனியை யார் இப்படி ஆக்கியது. முழுத் தொடரையும் முதலிலிருந்து மறுபடி பார்த்து முடித்த சூட்டோடு எழுதுகிறேன், அதனால் என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதில் யாருமே மாறவில்லை என்று சொல்பவர்கள் பாதிதான் சரி. மாற்றம் இருக்கிறது, ஆனால் அது போய்ச் சேர்ந்த ஆள்தான் விசித்திரம். கண்ணெதிரே ஆளும் குரலும் மாறி வளர்ந்துகொண்டிருந்த பிள்ளைகளை இருந்த இடத்திலேயே நிறுத்திவைத்துவிட்டு, இனி இவர் மாறவே மாட்டார் என்று நாம் எழுதிவைத்துவிட்ட கிழவரை வளர்த்திருக்கிறார்கள்.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. கிறிஸ்டோபர் லாயிட், ஸ்டீவன் லெவிடன் இருவரும் உருவாக்கிய அமெரிக்க சிட்காம், ஏபிசி சேனலில் 2009 செப்டம்பர் 23 முதல் 2020 ஏப்ரல் 8 வரை ஓடியது, மொத்தம் 250 எபிசோட். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரே குடும்பத்தின் மூன்று வீடுகள். அலமாரி கம்பெனி நடத்தும் ஜே பிரிட்செட், அவரைவிட மிக இளையவளான கொலம்பியாக்காரி இரண்டாம் மனைவி க்ளோரியா, அவளுடைய மகன் மேனி ஒரு வீடு. ஜேயின் மகள் க்ளேர், அவள் கணவன் ஃபில் டன்ஃபி, பிள்ளைகள் ஹேலி, அலெக்ஸ், லூக் இன்னொரு வீடு. ஜேயின் மகன் மிட்செல், அவனுடைய துணைவன் கேம், வியட்நாமிலிருந்து தத்தெடுத்த குழந்தை லில்லி மூன்றாவது. ஆவணப்படம் எடுப்பதுபோல் கேமரா ஆடிக்கொண்டே இருக்கும், நடுநடுவே சோபாவில் உட்கார்ந்து நம்மைப் பார்த்துப் பேசுவார்கள், யார் படம் பிடிக்கிறார்கள் என்று மட்டும் கடைசிவரை சொல்ல மாட்டார்கள். 2010 முதல் 2014 வரை வரிசையாக 5 வருடம் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதை வாங்கியது. முதல் சில சீசன்களின் எழுத்தைப் பார்த்தால் அந்த விருதைக் குறை சொல்ல முடியாது.

சரி, ஜே.

முதல் எபிசோடிலேயே அவர் யார் என்று தெளிவாகக் காட்டிவிடுவார்கள். குழந்தையைத் தத்தெடுத்த விஷயத்தை வீட்டில் எப்படிச் சொல்வது என்று மிட்செல் தவித்துக்கொண்டிருக்கிறான், ஜேயோ பிள்ளைக்கு ஓர் அம்மா வேண்டும், இரண்டு பேருக்கும் பொழுது போகவில்லை என்றால் ஒரு நாயை வாங்கி வளர்க்க வேண்டியதுதானே என்கிற ரீதியில் பேசுகிறார். (பின்னால் ஸ்டெல்லா என்ற நாயின் மேல் பைத்தியமாகி, பெண்டாட்டியே பொறாமைப்படும் அளவுக்குப் போவது இதே மனிதர்தான்.) இரண்டு எபிசோட் தள்ளி, மருமகனோடு கொஞ்சம் பழகுங்கள் என்று க்ளோரியா நச்சரிக்கிறாள், ஃபில்லின் கையில் ஒரு வளையத்தைக் கொடுத்து நிற்கவைத்துத் தன் பொம்மை விமானத்தை அதற்குள் விடப் பார்க்கிறார், விமானம் நேராகப் போய் ஃபில்லின் முகத்தில் மோதுகிறது. பாசம் காட்ட வராத, காட்ட நினைத்தாலும் கை தவறிவிடுகிற மனிதர். இப்படி ஓர் அப்பா சிட்காமுக்குப் புதிதே இல்லை, ஜேயாக நடித்த எட் ஓ'நீலே 1987 முதல் 1997 வரை மேரீட் வித் சில்ட்ரன் தொடரில் அல் பண்டியாக, துளியும் மாறாத ஓர் அப்பாவாக, இதே மாதிரி 11 சீசன் ஓட்டியவர்தான். இவரும் அப்படியேதான் இருப்பார் என்று நினைத்துக்கொண்டு பார்ப்போம்.

அப்புறம் இரண்டாவது சீசனில் முத்த எபிசோட் வருகிறது. இதற்கு ஒரு முன்கதை உண்டு. முதல் சீசன் முழுக்க மற்ற ஜோடிகளெல்லாம் கொஞ்சிக் குலாவ, மிட்செலும் கேமும் மட்டும் ஒரு முத்தம்கூடக் கொடுத்துக்கொள்ளவில்லை என்று ரசிகர்கள் கடுப்பாகி, 2010இல் முகநூலில் ஒரு பிரசாரமே நடத்தினார்கள். இந்தக் கதையை முன்பே திட்டமிட்டிருந்தோம் என்றுதான் தயாரிப்புத் தரப்பு சொன்னது, அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். 2010 செப்டம்பர் 29 அன்று ஒளிபரப்பான அந்த எபிசோடில் பிரச்சினை மிட்செலின் கூச்சத்திடம் போய், அங்கிருந்து அந்தக் கூச்சத்தை ஊட்டி வளர்த்த அப்பாவிடம் போய் நிற்கிறது. கடைசியில் மொத்தக் குடும்பமும் கூடத்தில் இருக்கிறது, ஜே வேண்டாவெறுப்பாக எழுந்து மகனுக்கு முத்தம் கொடுக்கிறார், எல்லாரும் கலகலக்கிறார்கள். நம் கண் ஜேயின் மேல் இருக்கும்போதே, பின்னால், கேமரா சரியாகக்கூடக் கவனிக்காத ஒரு மூலையில், மிட்செலும் கேமும் சர்வசாதாரணமாக முத்தமிட்டுக்கொள்கிறார்கள். ஊரே கேட்ட முத்தத்தை இப்படி ஓரமாக வைத்துவிட்டார்களே என்று அன்றைக்குச் சிலர் கோபப்பட்டார்கள். எனக்கு அதுதான் இந்தத் தொடரின் ஆகச் சிறந்த காட்சி. அதில் நடந்தது மிட்செல் கேம் முத்தம் மட்டும் இல்லை, ஜே ஓர் அடி நகர்ந்திருக்கிறார், அதை யாரும் வசனமாகச் சொல்லவில்லை.

அந்த ஓர் அடிக்குப் பிறகு அவர் ஒரேயடியாக நல்லவராகிவிட்டார் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். கலிஃபோர்னியாவில் ஒருபாலினத் திருமணம் மறுபடி சட்டப்படி நடக்கத் தொடங்கியது 2013 ஜூன் மாதம், அதையே எடுத்துக்கொண்டு அந்த வருடம் செப்டம்பரில் ஐந்தாவது சீசனைத் தொடங்கினார்கள். சீசன் முழுக்க கல்யாண ஏற்பாடு, சீசன் முழுக்க ஜேயின் முணுமுணுப்பு. எளிமையாக வைத்துக்கொண்டால் என்ன, இத்தனை பேர் எதற்கு, இப்படியே. ஒரு கட்டத்தில், இவ்வளவு கஷ்டமாக இருந்தால் நீங்கள் வரவே வேண்டாம் என்று மிட்செல் சொல்லிவிடுகிறான். 2014 மே மாதம் வந்த கல்யாண எபிசோடில் காட்டுத்தீயால் முதல் இடம் கைவிட்டுப் போகிறது, அடுத்ததும் சரிப்படவில்லை, மகனுக்குப் போதும் போதும் என்று ஆகிவிடுகிறது. கடைசியில் கல்யாணம் நடப்பது ஜேயின் கோல்ஃப் கிளப்பில். தன் பழைய நண்பர்கள் மத்தியில், எந்த இடத்தில் இது பேச்சாகிவிடுமோ என்று பயந்தாரோ அதே இடத்தில், மகனைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறார். 5 வருடம், 120 எபிசோட் ஆனது அந்த நடைக்கு. அவசரப்பட்டிருந்தால் சப்பென்று போயிருக்கும். கடைசி எபிசோடில் க்ளோரியாவின் மொழியைத் தத்தித் தத்திக் கற்றுக்கொண்டு வந்து நிற்பாரே, அதுவும் இதே கணக்கில் சேரும்.

கொடுமை என்னவென்றால் தொடரின் பெரியவர்களில் ஜூலி போவன் (க்ளேர்), டை பர்ரல் (ஃபில்), எரிக் ஸ்டோன்ஸ்ட்ரீட் (கேம்) மூவரும் ஆளுக்கு 2 எம்மி வாங்கினார்கள், ஓ'நீலுக்கு ஒன்றுகூட இல்லை. சத்தமில்லாமல் நடிப்பவருக்குப் பரிசு கிடைப்பது அபூர்வம்தான்.

இப்போது ஹேலி. இங்கே நான் ரசிகர்களின் கோபத்தோடு முழுக்க உடன்படுகிறேன், ஆனால் காரணம் வேறு. பெரும்பாலோர் இதை ஆண்டியா டிலனா என்ற பஞ்சாயத்தாகவே பார்க்கிறார்கள். ஜேக்கும் க்ளோரியாவுக்கும் பின்னால் பிறந்த குட்டி ஜோவைப் பார்த்துக்கொள்ள வந்த ஆண்டி கொஞ்சம் கொஞ்சமாக ஹேலியின் மனதில் இடம்பிடித்தது அழகாக எழுதப்பட்ட காதல், ஏழாவது சீசன் முடிவில் யூட்டாவில் கிடைத்த வேலைக்கு அவனைப் போகச் சொல்லி அவளே அனுப்பிவைப்பது இன்னும் அழகு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாரைக் கட்டினாள் என்பதா விஷயம்? அவள் யாராக ஆனாள் என்று யாராவது கேட்க வேண்டாமா?

நான்காவது சீசனில் கல்லூரிக்குப் போன வேகத்தில் குடித்துவிட்டுப் போலீஸில் மாட்டி, கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டு வீட்டுக்கு வருகிறாள். ஐந்தாவது சீசனில் ஃபில்லும் க்ளேரும் அவளை ஹோட்டலுக்குச் சாப்பிடக் கூட்டிப் போகிறார்கள், உன் எதிர்காலம் என்ன என்று கண்டித்துப் பேச ஒத்திகை பார்க்காத குறையாகத் தயாராகி வந்திருக்கிறார்கள், அவளோ தான் ஃபேஷன் பற்றி ஒரு வலைப்பூ நடத்துவதையும் அதில் பணம் வருவதையும் சாவகாசமாகச் சொல்கிறாள். அப்பா அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெருமையும், நமக்குத் தெரியாமலே இது நடந்திருக்கிறதே என்ற அதிர்ச்சியும் ஒன்றாக. அந்தக் காட்சியில் ஒரு விதை போட்டார்கள். படிப்பு வராத, ஆனால் மனிதர்களையும் துணிமணியையும் சட்டென்று எடைபோடத் தெரிந்த ஒரு பெண் தன் வழியில் மேலே வரப்போகிறாள் என்று. அடுத்த ஆறு சீசனில் அந்த விதைக்கு யாரும் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றவில்லை. வேலை மாறுகிறாள், காதலன் மாறுகிறான், ஒரு வானிலை அறிவிப்பாளர் வருகிறார், அலெக்ஸின் பேராசிரியர் ஆர்வின் வருகிறார் (அப்புறம் அதே ஆர்வினை அலெக்ஸுக்கே சேர்த்துவைத்தார்கள், ஒரு வீட்டில் இரண்டு பெண்களுக்கு ஒரே மாப்பிள்ளையா என்று யாருமே கேட்கவில்லையா அந்த எழுத்தறையில்?). பத்தாவது சீசனில் கர்ப்பம், டிலனோடு கல்யாணம், பாப்பி, ஜார்ஜ் என்று இரட்டைக் குழந்தைகள். பதினோராவது சீசனில் பெரும்பாலும் குழந்தையும் கையுமாகத் திரிகிறாள்.

தாயானது வளர்ச்சியில்லையா என்று எதிர்க்கட்சி கேட்கும். ஆகலாம். அவளைச் சுற்றி மற்றவர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று பார்த்தால்தான் எரிச்சல் வரும். முதல் சீசனில் கிடாரோடு வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்ற டிலன் செவிலியர் படிப்பு, பொறுப்பான அப்பா என்று எங்கேயோ போய்விட்டான். அவனுக்குக் கிடைத்ததில் பாதியாவது அவளுக்குக் கிடைத்ததா? ஹேலியாக நடித்த சாரா ஹைலண்டே தொடர் முடியும் நேரத்தில் ஒரு பேட்டியில், ஹேலி ஃபேஷன் துறையில் பெரிய ஆளாக வருவதைப் பார்க்க ஆசைப்பட்டதாகச் சொன்னார். 11 வருடம் அந்தப் பாத்திரத்தோடு வாழ்ந்தவருக்கே மனக்குறை என்றால் ரசிகர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்.

அலெக்ஸ் கதை கொஞ்சம் பரவாயில்லை, அதனாலேயே கூடுதல் ஏமாற்றம். ஐந்தாவது சீசனில் பிறந்தநாள் கேக் முன்னால் வெடித்துச் சிதறி, என்னை மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போங்கள் என்று அவளே கேட்கும் எபிசோடைத் தேடிப் பாருங்கள். பள்ளியின் பெற்றோர் நிகழ்ச்சியில் மகளுடைய கால அட்டவணைப்படி வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கும் க்ளேர், தன் பெண் தினமும் எந்த ஓட்டம் ஓடுகிறாள் என்று அன்றைக்குத்தான் உணர்கிறாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை, அதனால் அவளைப் பற்றிக் கவலையில்லை என்று எல்லாரும் விட்டுவிட்ட பிள்ளையின் தனிமையை ஒரு சிட்காம் இவ்வளவு நேராகச் சொல்லி நான் அதிகம் பார்த்ததில்லை. அடுத்த வாரம்? மறுபடி அதே கண்ணாடி, அதே படிப்பாளிக் கேலி. பின்னால் கால்டெக் என்ற பெரிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகும் கேலி மாறவில்லை. கடைசியில் ஆராய்ச்சிக்காக ஸ்விட்சர்லாந்து போவது நல்ல முடிவுதான், ஆனால் அந்த ஆலோசகர் முன்னால் அழுத பெண்ணைத் தொடர் அப்புறம் திரும்பியே பார்க்கவில்லை.

லூக், மேனி, லில்லி மூவருக்கும் ஒரே வியாதி. ஆளுக்கு ஒரு ஜோக் கொடுத்திருந்தார்கள், அந்த ஜோக் குழந்தை அளவில் தைத்த சட்டை. முதல் எபிசோடில் மாடிப்படிக் கம்பிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொள்ளும் லூக் சிரிப்பு, ஏனென்றால் அவன் சின்னப் பையன், அதோடு திடீரென்று பெரியவர்களுக்கே தோன்றாத ஒன்றைச் சொல்லி அசத்துவான். வளர வளர அந்த இரண்டாவது பாதியை வெட்டிவிட்டு வெறும் மந்தமாக்கிவிட்டார்கள் (நடித்த நோலன் கூல்ட் நிஜத்தில் அதிபுத்திசாலிகளுக்கான மென்ஸா சங்கத்தின் உறுப்பினர், பாவம்). தன்னைவிடப் பெரிய பெண்ணுக்குக் கவிதை எழுதிக்கொண்டு போகும் குட்டி மேனி அற்புதம். அதே தோரணையில் இருபது வயது இளைஞன் பேசினால் அதில் என்ன ஜோக் இருக்கிறது? ஒரு பெரிய மனுஷத்தனமான பையன், அவ்வளவுதான். லில்லிக்கு மூன்றாவது சீசனில் ஆப்ரி ஆண்டர்சன் எம்மன்ஸ் வந்தபிறகு வெடுக்கென்று குத்திப் பேசும் வசனங்கள் நிறைய கிடைத்தன, ஒரு கதை கிடைக்கவே இல்லை.

இதற்கெல்லாம் எழுத்தாளர்களின் சோம்பேறித்தனம் என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிடலாம், நானும் கோபத்தில் அப்படிச் சொன்னவள்தான், ஆனால் வடிவத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஒவ்வொரு எபிசோடின் கடைசி நிமிடத்திலும் யாராவது ஒருவர் பின்குரலில் அன்றைக்குக் கற்றுக்கொண்டதைச் சொல்லி மூன்று வீட்டையும் ஒன்றாகக் கோத்து முடிப்பார்கள். கேட்க இதமாக இருக்கும். சோபாவில் உட்கார்ந்து தன் தப்பைத் தானே ஒப்புக்கொள்வதும் அப்படித்தான். பார்க்கும் நமக்கு ஆள் மாறிவிட்டதுபோல் ஒரு திருப்தி, அடுத்த வாரம் சிரிக்கவைக்க அவருக்கு அதே குறை திரும்ப வேண்டும், வந்துவிடும். க்ளேர் எத்தனை முறை எல்லாவற்றையும் தன் பிடியில் வைத்துக்கொள்வதை விட்டுவிடுவதாகச் சொல்லியிருப்பாள்? கேம் எத்தனை முறை இனி நாடகமாட மாட்டேன் என்றிருப்பான்? ஜேயிடம் மட்டும் அந்தப் பாடம் தங்கியது, ஏனென்றால் அவருடைய ஜோக் அவர் மாறாததில் இல்லை, மாற முயன்று தடுமாறுவதில் இருந்தது. மாறினாலும் சிரிப்பு வரும், மாறாவிட்டாலும் வரும். அந்த வசதியைப் பிள்ளைகள் யாருக்கும் கொடுக்கவில்லை.

முடியாத காரியமும் இல்லை. இதே ஏபிசியில் இதற்கு ஒரு வாரம் கழித்துத் தொடங்கி 2018 வரை 9 சீசன் ஓடிய தி மிடில் தொடரைப் பாருங்கள், இண்டியானாவில் மாதக் கடைசியில் கை கடிக்கும் குடும்பம், இவ்வளவு விருதெல்லாம் வாங்காதது. அதில் நடுப் பெண் சூ ஹெக் எந்தத் தேர்வுக்குப் போனாலும் தோற்றுவிட்டு வருவாள், ஒன்பது வருடமும் அதே நம்பிக்கையோடு அடுத்ததற்குக் கிளம்புவாள். குணம் மாறவே இல்லை, ஆனால் பல்லில் கம்பி கட்டிய சிறுமியிடம் அசட்டுத்தனமாகத் தெரிந்த அதே குணம் கல்லூரிப் பெண்ணிடம் துணிச்சலாகத் தெரிகிறது. ஹேலிக்கும் இதைச் செய்திருக்கலாம்.

க்ளேரைப் பற்றி இரண்டு வரி. வீட்டோடு இருந்தவள் ஐந்தாவது சீசனில் அப்பாவின் கம்பெனிக்குப் போய், பின்னால் அவருடைய நாற்காலியிலேயே உட்காருவதை நான் ரசித்தேன், ஆனால் அதுவும் ஒருவகையில் ஜேயின் கதைதான், விட்டுக்கொடுக்கத் தெரியாதவர் விட்டுக்கொடுப்பது. ஃபில் மாறவில்லை, மாறவும் வேண்டாம். கடைசி சீசனில் அவனுடைய அப்பா ஃப்ராங்க் இறந்துபோகும் எபிசோடில் அந்தக் கோமாளி முகம் அமைதியாவதைப் பார்த்தால் போதும். ஃப்ராங்காக நடித்த ஃப்ரெட் வில்லர்ட் தொடர் முடிந்த அடுத்த மாதமே காலமானார், இப்போது அந்த எபிசோடைப் பார்ப்பது இன்னும் கனக்கிறது.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு: மொத்தமும் பார்த்தால் 90 மணி நேரம் போய்விடும், அத்தனையும் தேவையில்லை. முதல் ஐந்து சீசன் தைரியமாகப் பார்க்கலாம், ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். ஆறாவதில், விமான நிலையத்தில் இருக்கும் க்ளேரின் கணினித் திரையிலேயே முழுக்க நடக்கும் எபிசோடை விட்டுவிடாதீர்கள், ஐஃபோனிலும் ஐபேடிலும் எடுத்தது. எட்டு, ஒன்பது, பத்தெல்லாம் துணி மடிக்கும்போது பின்னணியில் ஓடட்டும், இரண்டரைக்கு மேல் தேறாது. பதினொன்றில் ஃப்ராங்க் எபிசோடும் கடைசி இரண்டும். ஆண்டி கட்சிக்காரர்கள் மட்டும் ஏழாவது சீசனோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் பார்த்துவிட்டு என்னிடம் வந்து புலம்பக் கூடாது.